மீரா எந்த வீட்டுப் பெயர்?

அப்துல் கலாமின் மூத்த அண்ணனுடைய முழுப் பெயர் முகமது முத்து மீரா லெப்பை மரைக்காயர். ராமேசுவரத்தில் வாழ்ந்து, 2021 மார்ச்சில் 104 வயதில் காலமானார். பத்திரிகைகள் அவரை முத்து மீரா மரைக்காயர் என்று சுருக்கி எழுதின. அந்தப் பெயரில் முகமது அரபு, முத்து தமிழ். லெப்பை, மரைக்காயர் இரண்டும் குலப்பெயர்கள். மரைக்காயரை நம் மரக்கலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள் சிலர். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லோடு சேர்ப்பார்கள் வேறு சிலர். எல்லாம் சரி, நடுவில் நிற்கும் மீரா யார்?

மயிலாப்பூரில் இந்தப் பெயரைச் சொன்னால் தம்பூராவோடு ஒரு ராஜபுத்திரப் பெண் மனத்தில் வந்து நிற்பாள். ராமேசுவரத்திலும் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் சொன்னால் தாடி வைத்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்க்கலாம். ஒரே மாநிலத்துக்குள்ளேயே இப்படி. இன்றைக்கு வார்சாவிலும் பெர்லினிலும் டொரண்டோவிலும் தமிழ் அம்மாவுக்கும் வேற்றுமொழி அப்பாவுக்கும் பிறக்கும் பெண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் போடும் பட்டியலில் மாயா, தாரா, நீனா, அனிதாவோடு மீராவும் தவறாமல் இடம்பெறுகிறது. "ரெண்டு வீட்டுக்கும் பொருந்தும்" என்பதுதான் காரணம். பொருந்துகிறது, உண்மைதான். ஆனால் எதோடு எது பொருந்துகிறது என்று பார்க்கப் போனால் கதை பெரிதாகிவிடுகிறது.

முதலில் நாமெல்லாம் அறிந்த மீரா. ராஜஸ்தானத்தில் மேர்த்தா என்ற ஊரை ஆண்ட ராத்தோர் குடும்பத்தில் 1498 வாக்கில் பிறந்தவர், சித்தோரில் ராணா சங்காவின் மகன் போஜராஜனுக்கு வாழ்க்கைப்பட்டவர், துவாரகையில் மறைந்தவர். இவருக்கு ஏன் மீரா என்று பெயர் வைத்தார்கள்? குழந்தைப் பெயர்ப் புத்தகத்தைத் திறந்தால் பதில் சுலபம்: 'மீரா - கிருஷ்ண பக்தை'. கிருஷ்ண பக்தையாக அவர் ஆவதற்கு முன்பே அந்தப் பெயர் வைக்கப்பட்டுவிட்டது என்பதை அந்தப் புத்தகங்கள் யோசிப்பதில்லை. இன்னும் சில புத்தகங்கள் 'மீரா - கடல்' என்கின்றன. இதற்கு ஓர் ஆதாரம் உண்டு. வடமொழி அகராதிகளில் 'மீர' என்ற சொல் கடல் என்ற பொருளோடு பதிவாகியிருக்கிறது. காசியபரின் ஏரி, 'காசியப மீர', அதுவே காஷ்மீரம் ஆயிற்று என்று சொல்வதும் இதை வைத்துத்தான். ஆனால் அது அகராதிகளில் மட்டும் உயிர்வாழும் சொல். காவியங்களில் நாயகிகளுக்கு மீரா என்று பெயர் கிடையாது. சீதை, தமயந்தி, சகுந்தலை, மாலதி என்று ஆயிரம் பெயர் வைத்த வடமொழிப் புலவர்கள் இதைத் தொடவேயில்லை.

ஆகவே இந்தி அறிஞர்களில் ஒரு சாரார் வேறு பக்கம் பார்த்தார்கள். 'மீர்' என்பது தலைவன், பெருமகன் என்ற பொருளில் பாரசீகத்திலிருந்து வட இந்திய மொழிகளுக்குள் புகுந்து நெடுநாள் ஆன சொல். மேர்த்தாவுக்கு அருகில் உள்ள அஜ்மீரில், தாராகட் கோட்டை மலையில் மீரான் சாகிப் தர்கா இருக்கிறது. அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட பெயர் காற்றில் இருந்திருக்கிறது. ராஜபுத்திர வீட்டுப் பெண்ணுக்கும் அது போயிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். இதை ஏற்காதவர்கள் உண்டு. மேர்த்தா என்ற ஊர்ப் பெயரிலிருந்தே மீரா வந்தது என்று சாதிப்பவர்களும் உண்டு. எனக்குப் பாரசீக வழி சரியாகவே படுகிறது. வேற்றுமொழிச் சொல் என்பதால் மீராபாயின் பக்தி ஒரு துளியும் குறைந்துவிடாது. இந்துக் குடும்பங்கள் 'சுத்தமான நம்ம பேரு' என்று நம்பி வைக்கும் பெயரின் பிறப்பே இரண்டு பண்பாடுகள் உரசிய இடத்தில் இருக்கக்கூடும் என்பதைக் கலப்புக் குடும்பத்துத் தாத்தா பாட்டிகள் காதில் போட்டுவைப்பது நல்லது.

மீர் எங்கிருந்து? அரபியில் அலிஃப், மீம், ரா என்ற மூன்று எழுத்து வேர். கட்டளையிடுதல் என்பது அதன் பொருள். கட்டளையிடுகிறவர் அமீர். ஐக்கிய அரபு அமீரகம் என்று நாளேடுகளில் தினம் படிக்கிறோமே, அந்த அமீர்தான். பாரசீகர்கள் முதல் எழுத்தை விழுங்கி மீர் ஆக்கினார்கள். அமீரின் மகன் 'அமீர்சாதா', அதுவே தேய்ந்து மிர்சா. ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானும், உருதுக் கவி மீர் தகி மீரும், பிளாசிப் போரின் மீர் ஜாபரும் இந்த மீர்களே. (வங்காளத்தில் மீர் ஜாபர் என்றாலே துரோகி; வங்காளி மாப்பிள்ளை உள்ள வீட்டில் மீருக்குப் பக்கத்தில் ஜா வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) தஞ்சாவூர் மிராசுதாரரை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கக் கூடாது. மிராசு, 'மீராத்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பிதுரார்ஜிதம் என்று பொருள். வேர் முற்றிலும் வேறு. முகச்சாயல் ஒன்று, ரத்த உறவு இல்லை.

பாரசீகத்தில் ஆட்களைப் பன்மையாக்க 'ஆன்' சேர்ப்பார்கள். மீர், மீரான். பெரியவர் ஒருவரை மரியாதைக்காகப் பன்மையில் சொல்வது அவர்களுக்கும் வழக்கம், 'அவர்' என்று சொல்கிற நமக்கும் வழக்கம். பக்தாதின் முகைதீன் அப்துல் காதிர் ஜீலானியை மீரான் என்றார்கள். வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்து 16ஆம் நூற்றாண்டில் நாகூர் வந்து அடங்கிய சாகுல் ஹமீது ஆண்டவரையும் மீரான் சாகிபு என்றார்கள். கடலோர முஸ்லிம் வீடுகளில் இந்த இரண்டு பெரியவர்களின் பெயரும் ஆண் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டன: மீரான், மீரா சாகிபு, மீரா முகைதீன், மீரா லெப்பை. 'சாய்வு நாற்காலி' எழுதி 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தேங்காய்ப்பட்டினத்து நாவலாசிரியர் தோப்பில் முகமது மீரானை எல்லோருக்கும் தெரியும். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியும் பின்னர் தமிழ்நாட்டு ஆளுநருமான எம். பாத்திமா பீவியின் முன்னெழுத்து அவ்வளவாகக் கவனிக்கப்பட்டதில்லை. அந்த 'எம்' மீரா சாகிபு. அவருடைய தந்தை.

இங்கே தமிழ்க் காது செய்த வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். முருகன், கண்ணன், சேரமான் என்று ஆண் பெயரை னகர மெய்யில் முடித்துப் பழகியவர்கள் நாம். மீரான் என்றால் ஆண் என்று நமக்குப் பட்டுவிடுகிறது. னகரம் இல்லாத மீரா பெண் என்று படுகிறது. பாரசீகத்தில் அந்த 'ஆன்' பன்மையைத்தான் காட்டும். ஆண் பெண் வேறுபாடு அந்த மொழி இலக்கணத்திலேயே கிடையாது.

சிவகங்கைக் கவிஞர் மீராவின் கதை தனி. மீ. இராசேந்திரன் தன் முன்னெழுத்தையும் பெயரின் முதலெழுத்தையும் ஒட்டவைத்து மீரா ஆனார். அரபும் இல்லை, ராஜஸ்தானமும் இல்லை. முன்னெழுத்துப் போடும் தமிழ்ப் பழக்கத்திலிருந்து பிறந்த மீரா அது.

தமிழ் இந்துக் குடும்பங்களில் மீரா பெண் பெயராகப் பரவியதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். 1945 தீபாவளிக்கு வந்த 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்தார். சிறுமி மீராவாக வந்தவர் ராதா. தயாரித்தவர் சதாசிவம்; பாட்டெழுதியவர்களில் கல்கி ஒருவர்; இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். ராஜஸ்தானத்து இளவரசி, மதுரைப் பாடகி, அமெரிக்க இயக்குநர். அந்தப் படம் பார்த்துவிட்டு மகளுக்கு மீரா என்று பெயர் வைத்தவர்கள் யாரும் கலப்புப் பெயர் வைப்பதாக நினைத்திருக்க மாட்டார்கள்.

இனி மேற்கே போவோம். லத்தீனில் 'மீருஸ்' என்றால் வியப்புக்குரிய என்று பொருள், பெண்பாலில் 'மீரா'. ஷேக்ஸ்பியர் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்து நாயகிக்கு மிராண்டா என்று பெயரிட்டது இந்த வேரை வைத்துத்தான். வானத்திலும் ஒரு மீரா இருக்கிறது. திமிங்கில விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ 332 நாட்களுக்கு ஒரு முறை வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவு பிரகாசமாகி, பிறகு மங்கி மறையும் விண்மீன். 1596இல் டேவிட் ஃபாப்ரிசியுஸ் என்ற பாதிரியார் அதைக் கண்டார். 1662இல் ஹெவெலியுஸ் அதற்கு மீரா என்று பெயர் சூட்டினார். ஹெவெலியுஸின் ஊர் இன்றைய போலந்தின் கிடான்ஸ்க். போலந்துச் சம்பந்தம் உள்ள வீடுகளுக்கு இது கூடுதல் தகவல். ஸ்பானிய மொழியிலோ அதே லத்தீன் வேர் வியப்பை விட்டுப் பார்வைக்கு வந்துவிட்டது. அங்கே 'மீரா' என்றால் 'பார்'. நாம் 'இங்க பாரு' என்று பேச்சைத் தொடங்குவதுபோல அவர்களும் பேச்சுக்குப் பேச்சு 'மீரா, மீரா' என்பார்கள். மாட்ரிட்டில் வளரும் மீரா தன்னை யாரோ கூப்பிடுவதாக நாள் முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

லத்தீன் மீராவும் அரபு மீரும் உறவில்லாதவை. ஆனாலும் ஒரு சொல்லுக்குள் இரண்டும் சந்தித்தன. அரபு 'அமீர் அல்' என்பது இடைக்கால ஐரோப்பாவுக்குக் கடற்படைத் தலைவனைக் குறிக்கும் சொல்லாகப் போய்ச் சேர்ந்தது, பிரெஞ்சில் அமிரால். அதைக் கேட்ட லத்தீன் படித்தவர்கள், வியக்கத்தக்கவன் என்ற பொருள் உள்ள தங்கள் 'அட்மிராபிலிஸ்' தான் இப்படிச் சிதைந்திருக்கிறது என்று எண்ணி, நடுவில் இல்லாத ஒரு டகரத்தைச் செருகினார்கள். ஆங்கிலத்தில் அது அட்மிரல் ஆயிற்று. கட்டளை அரபு, டகரம் லத்தீன்.

இதைத் தெரிந்துகொண்டு 1925 நவம்பரைப் பாருங்கள். சபர்மதி ஆசிரமத்துக்கு ஓர் ஆங்கிலேயப் பெண் வந்து சேர்ந்தார். ரொமெய்ன் ரோலந்து எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டுக் காந்தியைத் தேடி வந்தவர். பெயர் மேடலின் ஸ்லேட். தந்தை சர் எட்மண்ட் ஸ்லேட், பிரிட்டிஷ் கடற்படையில் அட்மிரல். காந்தி அந்தப் பெண்ணுக்கு இட்ட பெயர் மீரா. ஆசிரம வழக்கப்படி மீராபென். அரண்மனையை விட்டுக் கண்ணனிடம் போன மீராபாயை நினைத்துத்தான் காந்தி அந்தப் பெயரை வைத்தார். மீராபாயின் பெயர் மீரிலிருந்தே வந்தது என்று கொண்டால், அமீர் அல்லின் மகளுக்கு அமீர் என்றே பெயர் விழுந்திருக்கிறது. காந்திக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஸ்லாவிய மொழிகளில் மீராவுக்கு வேறு பிறப்பு. மிரோஸ்லாவா, மிர்யானா போன்ற நீண்ட பெயர்களின் செல்லச் சுருக்கம் மிரா. 'மிர்' என்றால் அமைதி. ரஷ்ய மொழியில் உலகத்துக்கும் அதே ஒலிதான். 1918 எழுத்துச் சீர்திருத்தம்வரை இரண்டையும் வேறு வேறு இகரத்தால் எழுதிப் பிரித்துக் காட்டினார்கள். டால்ஸ்டாயின் போரும் அமைதியும் நாவலின் தலைப்பில் உள்ளது இந்த மிர்; 1986 முதல் 2001 வரை பூமியைச் சுற்றிய விண்வெளி நிலையத்தின் பெயரும் இதுவே. அதற்காக எல்லா மிரும் அமைதி அல்ல. விளாதிமிர் என்ற பெயரின் ஈறு தொடக்கத்தில் பெரிய, புகழ்பெற்ற என்ற பொருள் உள்ள வேறொரு சொல்; பழகிப் பழகி மக்கள் காதில் அது மிர் ஆகிவிட்டது.

போலிஷ் மொழியில் எனக்குப் பிடித்தது பொருள் அல்ல, இலக்கணம். ஐரோப்பிய மொழிகளில் பலவும் தொலைத்துவிட்ட விளி வேற்றுமையை அந்த மொழி இன்னும் வைத்திருக்கிறது. மிரா என்பது பெயர், கூப்பிடும்போது 'மிரோ!' தொல்காப்பியம் எட்டாவதாக வைத்த விளி வேற்றுமை அவர்களுக்கு ஏழாவது. தமிழ்ப் பாட்டி 'மீராவை'யும் 'மீராவுக்கு'ம் வகர உடம்படுமெய் போட்டுச் சொல்ல, போலந்துப் பாட்டி மிரோ என்று கூப்பிட, குழந்தை இரண்டுக்கும் ஓடிவரும். ஈகாரத்தில் ஒரு மாத்திரை குறைந்தது என்று யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

அல்பேனிய மொழியில் 'மிர' என்றால் நல்ல; அங்கேயும் மிரா பெண் பெயர். யூத வீடுகளில் மிரியாமின் சுருக்கமாக மீரா உண்டு. மோசேயின் அக்கா அந்த மிரியாம். கிரேக்கத்தில் மரியா, அரபில் மர்யம், தமிழில் மரியாளும் மரியம் பீவியும் அவர் வழி வந்தவர்களே. ஆகவே ஒரு வகையில் வேளாங்கண்ணி மரியாளும் மீராவுக்கு உறவு என்று சொல்லலாம். சொல்லிவிட்டு ஓடிவிட வேண்டும்.

புதுச்சேரியை விட்டுவிட முடியாது. அரவிந்தர் ஆசிரமத்து அன்னையின் பெயர் மிர்ரா அல்ஃபாசா. 1878இல் பாரிசில் பிறந்தவர். தந்தை துருக்கி யூதர், தாய் எகிப்து யூதர். 1914இல் முதன்முறை புதுச்சேரி வந்து, 1920இல் திரும்பிவந்து தங்கிவிட்டார். அவர் பெயரில் ரகரம் இரட்டிப்பு. இத்தாலியத்தில் இரட்டை ரகரம் போட்டு மிர்ரா என்றால் வெள்ளைப்போளம்; குழந்தை யேசுவுக்குக் கிழக்கத்திய ஞானிகள் பொன்னோடும் தூபவர்க்கத்தோடும் கொண்டுவந்த கசப்பான பிசின். ஒரு ரகரம் கூடினால் வேறு மரத்துக்குப் போய்விடுகிறோம். தமிழிலோ ரகரம் இரட்டிக்காது. இரட்டிக்கும் உரிமை றகரத்துக்குத்தான், இரட்டித்தால் அதன் ஒலியே மாறிவிடும். அதனால்தானோ என்னவோ, பலரும் அன்னையை மீரா என்றே எழுதிவிட்டார்கள். துருக்கி, எகிப்து, பிரான்சு, தமிழ்நாடு நான்கும் கலந்த அந்த வாழ்க்கைக்கு இந்த எழுத்துக் குழப்பம் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இத்தனை மீராக்களையும் ஒரே பெயர் என்று சொன்னால் மொழிநூலார் சண்டைக்கு வருவார்கள். அரபு வேர் ஒன்று, லத்தீன் வேர் ஒன்று, ஸ்லாவிய வேர் ஒன்று, எபிரேய வழி ஒன்று, அகராதிக்குள் உறங்கும் வடமொழிக் கடல் ஒன்று. ஒலி ஒன்றானது தற்செயல். மகரமும் ரகரமும் பல மொழிகளுக்கும் பொதுவான எழுத்துகள். அவற்றை ஆகாரத்தில் முடித்தால் பெயராகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கலப்புக் குடும்பம் இந்தத் தற்செயலைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் 'ரெண்டு மொழியிலயும் ஒரே அர்த்தம்' என்று உறவினரிடம் சொல்லி ஒப்பேற்ற வேண்டாம். ஒரு பக்கம் பக்தை, ஒரு பக்கம் அமைதி என்று உள்ளபடி சொன்னால் போதும். எந்தச் சம்பந்தியும் அமைதியை எதிர்த்துப் பேச மாட்டார்.

பொருளைவிடத் தொல்லை தருவது எழுத்துக்கூட்டல். ரோமன் எழுத்தில் ஓர் 'ஐ' மட்டும் போட்டால் ஜெர்மனியிலும் போலந்திலும் சரியாகப் படிப்பார்கள். ஆங்கிலம் பேசும் ஊரில் சிலர் மைரா என்பார்கள். மைரா வேறு பெயர். ஃபுல்க் கிரெவில் என்ற ஆங்கிலக் கவி தன் கவிதைக்காக உண்டாக்கிய பெயர். இரண்டு 'ஈ' போட்டால் ஆங்கிலேயர் சரியாகச் சொல்வார்கள். ஜெர்மானியர் 'மேரா' என்று படிக்கக்கூடும். குழந்தை எந்த ஊர்ப் பள்ளியில் சேரப் போகிறதோ அந்த ஊரின் வாய்க்கு ஏற்ற எழுத்தை எடுத்துக்கொள்வதே என் கட்சி. தமிழில் எப்படியும் நெடிலாக 'மீரா' என்றே எழுதலாம். குறிலாக 'மிரா' என்றால் மிரட்சியும் மிரளலும்தான் கண்முன் வரும்.

அடுத்தது பெயரின் வால். போலந்துக் குடும்பப் பெயர் மகனுக்குக் கோவல்ஸ்கி என்றால் மகளுக்குக் கோவல்ஸ்கா. நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து. தமிழர் அப்பாவாக இருந்தால் அவர் பெயரே வெளிநாட்டுப் படிவங்களில் மகளுக்குக் குடும்பப் பெயராகிவிடும். மீரா முருகன் என்று எழுதினால் இங்கே அப்பாவும் மகளும்; அங்கே முருகன் என்ற பெயருள்ள பரம்பரை. இதையும் பெயர் வைக்கும் முன்பே இரு வீட்டாரும் பேசி முடித்துவிட வேண்டும்.

அவசரப்பட வேண்டியதில்லை. இந்தியாவில் பிறந்த குழந்தையின் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயரை அப்போதே எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவான நாளிலிருந்து 12 மாதம்வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டுவரை சேர்க்கலாம். சேர்த்துவிட்ட பெயரை மாற்ற நினைத்தால் மட்டும் அரசிதழ்வரை போக வேண்டியிருக்கும்.